பேய்க்கு ஒரு பாரம்

நான் வேலைக்குப் போன வீட்டுச் சிறுமிக்கு அந்த வருடம் ஒரே ஒரு ஆசைதான். அவளுடைய மாமாவின் மகன் ஒரு தடவையாவது பயந்து கத்த வேண்டும். கோடை விடுமுறையில் அவன் அவளைச் சாமான் அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தியிருந்தான். இருட்டில் அவள் அழுத சத்தம் மேல்மாடி வரை கேட்டதாம். அன்றிலிருந்து குடும்பத்தில் எல்லோருக்கும் அவள் 'முயல்'. பயந்தாங்கொள்ளியை இத்தாலியின் பலெர்மோவில் அப்படித்தான் சொல்வார்கள். வீட்டு எசமானியை நான் சிஞ்ஞோரா என்பேன்; பெற்ற தாயான அவர்கூட, "முயல், சாப்பிட வா" என்றுதான் கூப்பிடுவார்.

ஹலோவீன் அப்போதுதான் தொலைக்காட்சி வழியாக அந்த ஊருக்குள் வந்துகொண்டிருந்தது. சிறுமியும் பார்த்துவிட்டு, ஒக்டோபர் கடைசி நாளில் வீட்டில் விருந்து வைக்கச் சம்மதம் வாங்கிவிட்டாள். பிறகு நான் குளியலறை கழுவிக்கொண்டிருந்தபோது வாசலில் வந்து நின்றாள்.

"நீ மின்சார வேலை படித்தவள்தானே? எனக்கு ஒரு பேய் செய்து தா."

யாழ்ப்பாணத்துத் தொழில்நுட்பக் கல்லூரியில் நான் படித்ததைப் பற்றி அந்த ஊரில் யாரும் விசாரித்ததில்லை. மறுக்க மனம் வரவில்லை. எவ்வளவு உயரம், எங்கிருந்து எங்கே போக வேண்டும், வேகமாகவா மெதுவாகவா என்று வரிசையாகக் கேட்டேன்.

"மெதுவாக," என்றாள். "அவன் நன்றாகப் பார்க்க வேண்டும்."

கபோ என்ற தெருச் சந்தைக்கு மேலே நானும் அக்காவும் குடியிருந்த அறையில், ஞாயிற்றுக்கிழமை வேலையைத் தொடங்கினேன். உடலுக்குக் கிழிந்த வெள்ளை விரிப்பு. தோளுக்குக் கம்பி ஹாங்கர். தலைக்குக் காற்றுப் போன பந்து. கண்ணுக்கு ரோச் லைற் பல்ப் இரண்டு, அவற்றுக்குப் பற்றறியும் வயரும். இழுப்பதற்கு மீன்பிடிக்கிற தங்கூசி நூல். அதை ஸ்ஃபெர்ராகவால்லோ கடற்கரையில் மீன் சாப்பாட்டுக் கடையொன்றில் பாத்திரம் கழுவிய அக்கா கொண்டு வந்து தந்தாள். தந்ததற்கு ஈடாக நக்கலும் அடித்தாள்.

"ஊரிலை கரண்ட் இல்லாத காலத்திலை கரண்டைப் பற்றிப் படிச்சவள் நீ. கடைசியிலை அது பேய்க்குக் கண் வைக்கத்தான் உதவியிருக்கு."

"அக்கா, உன்ரை சிவப்பு நகப்பூச்சைத் தா. பல்புக்குப் பூச வேணும்."

"ஏன், உன்ரை பேய்க்குப் பொம்பிளை பாக்க வருகினமோ?"

"மெல்லிசாப் பூசினால் காணும்."

"ஓம், ஓம். மிச்சத்தை அதின்ரை நகத்துக்கும் பூசிவிடு."

அங்கே பல்கனியின் உடுப்புக் கொடிக்குக் கப்பி உண்டு. கயிற்றை இழுத்தால் உடுப்பு தெருவுக்கு மேலே நகர்ந்து போகும். பேயை அதில் கொழுவி ஓடவிட்டுப் பார்த்தேன். கண் இரண்டும் எரிய, சந்தை இரைச்சலுக்கு மேலே அது அமைதியாகப் போனது. எதிர்ப் பல்கனியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மனுசி நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இந்த முறை எனக்கும் ஏதாவது கொண்டு வா," என்று அதனிடமே சொன்னாள்.

"வெருட்டத்தான் செய்தனியோ?" என்றாள் அக்கா. "அந்த மனுசி சுகம் விசாரிக்குது."

நான் அதைப் பகிடி என்று விட்டுவிட்டேன். என் கண்ணுக்குத் தெரிந்த குறை ஒன்றுதான்: காற்றில் விரிப்பு மேலே கிளம்பியது. கீழே ஒரு பாரம் கட்ட வேண்டும்.

விருந்து நாளில் சிஞ்ஞோரா வீட்டில் அந்தப் பாரத்தைத் தேடினேன். அலுமாரியைத் திறந்தபோது மேசைத் துணிகளுக்கு அடியில் சீஸ் துருவி கிடந்தது. நல்ல கனமான தகரம். சிஞ்ஞோரா மறதியில் அங்கே வைத்துவிட்டார் என்று நினைத்து, அதைக் கம்பியால் பேயின் அடியில் கட்டினேன். சிறுமி வந்து பார்த்தாள்.

"அதையா கட்டுகிறாய்?"

"பாரத்துக்கு."

அவள் துருவியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நல்ல பாரம்," என்றாள்.

நூலை இழுக்க வசதியான இடம் சாமான் அறை மட்டும்தான். கதவுக்கு அடியால் நூல் போக இடம் இருந்தது. நான் உள்ளே நிற்கிறேன் என்றேன். "வேண்டாம், நானே இழுப்பேன்," என்றாள்.

விளக்கை அணைத்தோம். நடைவழியில் கட்டியிருந்த கொடியில் பேய் ஒரு குலுக்கல் இல்லாமல் வந்தது. நான் சமையலறை வாசலில் நின்று சத்தத்துக்குக் காத்திருந்தேன். ஒருவரும் கத்தவில்லை. மாமாவின் மகன் முன்னால் ஓடி வந்தான்.

"தாத்தா! எனக்கு சைக்கிள் கொண்டு வந்தீர்களா?"

மற்றப் பிள்ளைகளும் சூழ்ந்துகொண்டார்கள். நவம்பர் தொடக்கத்தில், இறந்தவர்களின் நாளில், அந்த ஊரில் செத்துப்போன உறவினர்தான் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமானும் சீனிப் பொம்மையும் கொண்டு வருவார்கள். அந்தப் பொம்மைகளைத் தூசு தட்டியவள் நான். இருந்தும் பேய் செய்தபோது அது நினைவுக்கு வரவில்லை. எங்கள் ஊரில் பேயைக் கண்டால் ஓட வேண்டும். அங்கே பொதியைத் தேட வேண்டும்.

நூல் நின்றுவிட்டது. உள்ளே இருட்டில் அவள் அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். மாமாவின் மகன் பரிசைத் தேடி விரிப்பைத் தூக்கினான். துருவி அவன் முழங்காலில் 'டங்' என்று இடித்தது. அதைக் குனிந்து பார்த்தவன் விரிப்பைக் கைவிட்டான். அப்போது சாமான் அறைக்குள்ளிருந்து ஒரு கரகரத்த குரல் கேட்டது.

"சப்பாத்தைக் கழற்று."

அவன் கத்திய கத்தலில் கீழ்வீட்டு நாயும் சேர்ந்துகொண்டது. ஓடிப்போய்ச் சிஞ்ஞோராவின் கட்டிலில் ஏறிக் கால்களைப் போர்வைக்குள் சுற்றிக்கொண்டான்.

சிஞ்ஞோரா சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்கு விளங்கப்படுத்தினார். குழப்படி செய்த பிள்ளைகளின் சப்பாத்தைக் கழற்றி, வருகிற இறந்தவர்கள் அவர்களுடைய பாதங்களைத் துருவியால் துருவிவிடுவார்களாம். அதனால் அந்த நாட்களில் தாய்மார் துருவியை ஒளித்து வைப்பார்களாம். "நான் ஒளித்ததை நீயே எடுத்துக் கொடுத்தாயா?" என்றார். பிறகு இதை அக்காவிடம் சொன்னபோது, "நல்லகாலம், எங்கடை தேங்காய்த் திருவலையைக் கொண்டு போகேல்லை," என்றாள்.

சிறுமி தலையில் ஒட்டடையோடு வெளியே வந்தாள்.

"உள்ளே விளக்கும் போடாமலா நின்றாய்?"

"பிறகு? வெளிச்சம் வந்தால் நூல் தெரிந்துவிடுமே," என்றாள், நான்தான் யோசிக்காமல் கேட்டுவிட்டேன் என்பதுபோல.

சாப்பாட்டு அறையிலிருந்து சிஞ்ஞோரா பழக்கத்தில், "முயல், கேக் வெட்ட வா!" என்று கூப்பிட்டார். சிறுமி ஒட்டடையைத் தட்டிக்கொண்டு நின்றாள், அசையவில்லை. கட்டிலிலிருந்து மாமாவின் மகன்தான் கேட்டான்.

"சப்பாத்தோடு வரலாமா?"