காய் என்றால் என்ன

காலையில் தெருவில் தள்ளுவண்டி வருகிறது. இப்போதெல்லாம் வண்டிக்காரர் தொண்டையைச் செலவழிப்பதில்லை, பதிவு செய்த குரல் ஒன்று "காய்... காயேய்" என்று ஸ்பீக்கரில் கத்துகிறது. கேட்டதும் எனக்கு வெண்டைக்காயா ஞாபகம் வரும்? சேகர்தான் வருவான்.

தொண்ணூறுகளில் நாங்கள் இருவரும் மதுரைப் பக்கம் கப்பலூரில் ஒரு தகரப் பட்டறையில் பிரஸ் மெஷின் ஓட்டினோம். நான் சமயநல்லூரில் விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டுப் பிள்ளை. அவன் சௌராஷ்டிரா. அவர்கள் வீட்டுப் பேச்சில் "காய்" என்றால் "என்ன". யார் கூப்பிட்டாலும் முதலில் அவன் வாயில் வருவது அதுதான்.

"சேகரு!"

"காய்?"

"கத்தரிக்கா கால் கிலோ போடு மாப்ள!"

பட்டறையே சிரிக்கும், அவனும் சிரிப்பான். இந்த ஒரு சொல்லை வைத்து வருஷக்கணக்கில் ஓட்டினோம், வேலை வெட்டி இல்லாதவர்கள் மாதிரி.

போகப்போக அவன் "காய்?" கேட்பது கூடியது. ஒரே விஷயத்துக்கு மூன்று தடவை கேட்பான். எங்களைத் திருப்பிக் கிண்டல் செய்கிறான் என்று நினைத்தோம். அவனோ மெஷின் சத்தத்தில்தான் கேட்கவில்லை என்று நினைத்திருக்கிறான். ஒருநாள் கரண்ட் போய்ப் பட்டறை அடங்கியது. அவன் முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டேன். அவன் பாட்டுக்கு மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தான். மறுநாளே அவனை டாக்டரிடம் கூட்டிப் போனேன்.

மெஷின் சத்தத்தில் காது நரம்பு போய்விட்டது, இருப்பதும் போய்விடும் என்றார் டாக்டர். அப்போது சேகரின் மனைவி மாசமாக இருந்தாள்.

"புள்ள அப்பான்னு கூப்புடுற வரைக்குமாச்சும் இந்தக் காது தாங்கணும் மாப்ள" என்றான்.

தாங்கவில்லை. காதுக்கு மிஷின் வாங்கி மாட்டிப் பார்த்தான். வெறும் இரைச்சல்தான் என்று கழற்றி வைத்துவிட்டான்.

மகளுக்கு இரண்டு வயதிருக்கும்போது சிம்மக்கல் வீட்டுக்குப் போனேன். அவன் மடியில் உட்கார்ந்து அது வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது. அவன் அதன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாப்ள, இவ குரலு எப்புடிடா இருக்கு?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்டான்.

அடுப்படியில் நின்ற அவன் அம்மாவைக் கை காட்டினேன்.

திரும்பி அம்மாவைப் பார்த்தான். "அப்ப லேசாக் கரகரப்பா இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

பட்டறை இருந்த இடத்தில் இப்போது டைல்ஸ் கடை. சேகர் வீட்டோடு இருக்கிறான். போனால் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைக்கிறான். எதைச் சொன்னாலும் தலையாட்டிச் சிரிக்கிறான். என்னவென்று கேட்பதையே விட்டுவிட்டான்.