நான் தாண்டிப்போன பத்தி

பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. சாலையைக் குறுக்கே கடந்ததுதான் என் வாழ்நாள் சாகசம். அப்படிப்பட்டவனிடம் ஒரு வீரப் பதக்கத்தின் சான்றைத் தமிழாக்கி வாசிக்கும் பொறுப்பு வந்தது. பதக்கம் வாங்கியவர் என் தங்கையின் கணவர். ராணுவத்தில் ஹவில்தார். விடுமுறையில் வந்திருந்தார்.

பீர்க்கன்கரணையில் எங்கள் தெரு நலச்சங்கம் ஆதாரம் இல்லாமல் யாருக்கும் சால்வை போர்த்தாது. பதக்கத்தை நேரில் தொட்டுப் பார்த்த பிறகும் செயலாளர், "சான்றோட ஜெராக்ஸ் ஒண்ணு குடுங்க சார், ஃபைல்ல இருக்கணும்" என்றார். மாப்பிள்ளையும் கொடுத்துவிட்டார். செயலாளர் அதைப் படிப்பார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. எங்கள் சங்கத்தில் யாரும் எதையும் படித்ததாக வரலாறு இல்லை.

செயலாளரோ படித்துவிட்டு உருகிப்போனார். "நீங்கதான் எழுதுறவராச்சே. ஞாயித்துக்கிழமை ஃபுல்லா தமிழ்ல வாசிங்க."

அன்று சாயங்காலமே மாப்பிள்ளை என்னை மொட்டைமாடிக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"மச்சான், மூணாவது பாரா வேணாம். ஸ்டோர்ல ரேஷன் மூட்டை பாத்துக்கறேன்னுதான் உங்க தங்கச்சிகிட்ட சொல்லியிருக்கேன். மெடல்கூட ரேஷன் கொண்டு சேர்த்ததுக்குன்னு சொல்லிட்டேன்; மத்த பாரால வெறும் பாராட்டுதான்."

"நம்பிட்டாளா?"

"நம்பினதாலதான் இன்னும் ரெண்டு வருஷம் சர்வீஸை நீட்டிக்க சரின்னா. புதன்கிழமை கையெழுத்து போடணும். தெரிஞ்சா விடமாட்டா."

குண்டுமழையில் ஊர்ந்தவர் என் தங்கைக்குப் பயந்தார். எனக்கு அந்தப் பயம் சின்ன வயதிலிருந்தே பழக்கம். ஒப்புக்கொண்டேன்.

அந்தப் பத்தியை நான் படித்திருக்கவே கூடாது. துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே காயம்பட்ட இருவரை ஒவ்வொருவராக இழுத்து வந்தார். தோளைக் குண்டு கிழித்த பிறகும் மூன்றாமவருக்காகத் திரும்பப் போனார். ஆங்கிலத்தில் ஐந்தே வரி. மறுநாள் அவர் எதிரே உட்கார்ந்து இட்லி சாப்பிட்டபோது, செத்துப்போனவரைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலிகள், முதல் வரிசையில் தங்கை. நான் இரண்டு பத்தி வாசித்துவிட்டு நான்காவதற்குத் தாவினேன். செயலாளர் ஜெராக்ஸில் விரல் வைத்து வரிவரியாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், ஒரு பாரா விட்டுட்டீங்க!"

எழுந்து வந்து, மைக்கை வாங்கி, அவரே ஆங்கிலத்தில் கணீரென்று வாசித்தார். தங்கைக்கு ஆங்கிலம் நன்றாகவே தெரியும்.

கைதட்டல் ஓய்வதற்குள் அவள் மேடைக்கு வந்தாள். மாப்பிள்ளையின் சால்வையை விலக்கி, சட்டைக்கு மேலேயே தோளில் விரலை வைத்தாள்.

"மூட்டை தூக்குற கொக்கி கிழிச்சுதுன்னீங்க."

அவர் சால்வையை இழுத்துத் தோளை மூடினார்.

"அந்த மூணாவது ஆள் பொழைச்சாரா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்குப் போனீங்க?"

"கூப்டுக்கிட்டே இருந்தான்."

"இன்னும் ரெண்டு வருஷத்துல எத்தனை பேர் கூப்பிடுவாங்க?"

மாப்பிள்ளை உதவிக்கு என்னைப் பார்த்தார். நான் நான்காவது பத்தியைப் பார்த்தேன்.

புதன்கிழமை அவர் கையெழுத்துப் போட்டார். அவள் தடுக்கவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. தாம்பரத்தில் ரயிலேற்றிவிட்டு வந்தோம்.

இப்போது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் தங்கை எடுப்பதில்லை. அலறுகிற போனோடு மாடியேறி எங்கள் போர்ஷனுக்கு வருகிறாள். "அண்ணா, நீயே எடு."

கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிறேன். இதுவரை எல்லாம் கிரெடிட் கார்டு விற்பவர்கள்தான். அவர்களிடம் இவ்வளவு நன்றியோடு வேறு யாரும் பேசியிருக்க மாட்டார்கள்.