டீக்கடையில் கொடுத்த நற்சான்று

சிங்கப்பூரில் என் தோளை அளக்கிறார்கள். ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்குமே பாகைமானி, அதையே பெரிதாகச் செய்தது போல ஒரு பிளாஸ்டிக் சாமானை வைத்துக்கொண்டு வலது கையைத் தூக்கச் சொல்கிறார், இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய டாக்டர். நெஞ்சு மட்டத்தில் கை நின்றுவிடுகிறது. "டிரை லா" என்கிறார், ஏதோ நான் சோம்பலில் நிறுத்தியது போல. சாரத்திலிருந்து இரும்புக் குழாய் என் தோளில் விழுந்ததை யாரும் மறுக்கவில்லை. விழுந்த பிறகு நான் நடிக்கிறேனா என்பதுதான் கம்பெனியின் சந்தேகம். அடிபட்டவனைத் திருடனைப் போலப் பார்க்கிறார்கள்.

கேஸ் இழுத்துக்கொண்டே போனதால் இடையில் ஊருக்கு, கீரமங்கலத்துக்குப் போய் வந்தேன். அங்கே எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "கை தூக்க வராதுன்னு தெரிஞ்சா எவன் பொண்ணு குடுப்பான்? வாயத் தொறக்காத" என்றது என்னைப் பெற்ற ஆத்தா. வீட்டுக்குள் ஆத்தாதான் சட்டை மாட்டிவிடும். வாசலைத் தாண்டினால் நான் முழு ஆள். விஷயம் தெரிந்த ஒரே வெளியாள் டீக்கடைச் செல்லையா மாமா. மாமா என்பது முறைக்குத்தான். பெண் வீட்டார் விசாரிக்க வந்தால் முதலில் நிற்பது அவர் கடையில் என்பதால் அவரிடம் மட்டும் சொல்லி வைத்தோம்.

நான் சிங்கப்பூர் திரும்பிய பிறகு அந்தக் கடைக்குக் காரில் ஒருவன் வந்திருக்கிறான். டீ குடித்துவிட்டு, இன்னார் பையன் எப்படி, உடம்பில் குறை உண்டா, நன்றாக வேலை செய்வானா என்று கேட்டிருக்கிறான். எங்கள் பக்கம் இப்படிக் கேட்கிறவர் யார் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணம் செய்து வைக்கிற ஊர். மாமா அந்த ஆயிரத்தையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

அதை நான் கேட்டது இங்குள்ள அரசு அலுவலகத்தில், விசாரணை மேஜையில். கம்பெனி வக்கீல் லேப்டாப்பை எங்கள் பக்கம் திருப்பினார். சட்டைப்பையில் ஒளித்த கேமரா போலும், பாய்லரும் மாமாவின் வயிறும்தான் தெரிந்தன. குரல் தெளிவாக இருந்தது.

"சிங்கம்ங்க. இப்ப லீவுக்கு வந்தப்பக்கூட தேங்கா மூட்டைய ஒத்தக் கையில தூக்கி லாரில போட்டான்."

அந்தக் குளிர் அறையில் மாமா குரலைக் கேட்டதும் எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. வெட்கங்கெட்ட மனசு.

வந்தவனைப் பெண் வீட்டார் என்று மாமா நினைத்துவிட்டார் என விளக்கினேன். மொழிபெயர்க்க வந்த அம்மாள் இங்கேயே பிறந்த தமிழர். அவருக்கே இப்படி டீக்கடையில் மாப்பிள்ளையை விசாரிக்கும் வழக்கம் புதிதாக இருந்தது. உங்களுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டதா என்று அதிகாரி மரியாதையாகக் கேட்டார். இல்லை. வந்தவர் தன்னைப் பெண் வீட்டார் என்று சொன்னாரா? அதுவும் இல்லை. பின்னே உங்கள் சாட்சி ஏன் பொய் சொன்னார்? அவர் என் சாட்சியே இல்லை என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். ஆள் வைத்து உளவு பார்த்த கம்பெனியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தொழிலாளியைக் காக்கவென்றே நடக்கிற அலுவலகமாம். சொன்னது பொய் என்று மாமா நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் பார்க்கலாம், இல்லையென்றால் கேஸ் முடிந்தது என்றார். கேஸ் அப்படி முடிந்தால் நஷ்ட ஈடு கிடையாது. ஊரில் இந்தத் தோளை வைத்துக்கொண்டு நான் ஒரு தேங்காய்கூட உரிக்க முடியாது.

மாமாவுக்குப் போன் போட்டேன். நான் ஆரம்பிக்கும் முன்பே, "பொண்ணு வீட்டுல இருந்து தாக்கல் வந்துச்சா மாப்ள? நல்லா ஏத்திச் சொல்லி விட்டுருக்கேன்" என்றார்.

வந்தவன் யார் என்று சொன்னேன். மாமா அவனை அசிங்கமாகத் திட்டினார், அப்புறம் அழுதார். ஆலங்குடி நோட்டரியிடம் இப்பவே போய்க் கையெழுத்துப் போடுவதாகவும், போட்டால் கை விஷயம் ஊருக்கே தெரிந்துவிடுமே என்றும் சொன்னார். தெரியட்டும் மாமா என்றேன். இனிமேல் யார் வந்து கேட்டாலும் கை தூக்க வராது என்றே சொல்லிவிடுங்கள் என்றேன்.

"கம்பெனிக்காரன்னா சொல்லிரலாம்ப்பா. நெசமாவே பொண்ணு வீட்டுக்காரவுக வந்தா?"

கடலுக்கு அந்தப் பக்கம் மாமா பதிலுக்குக் காத்திருந்தார். நான் இடது கையில் போனைப் பிடித்தபடி நின்றிருந்தேன்.