பதிலுக்குத் தட்டினோம்

வத்தலக்குண்டு சாலையிலிருந்து உள்ளே திரும்பும் எங்கள் தெருவில் வீடுகள் இரண்டிரண்டாக ஒட்டிக் கட்டப்பட்டவை. எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அதில் எங்கள் பக்கம் இயேசுவின் திருஇருதயப் படமும் ஒரு சிறிய விளக்கும் இருக்கின்றன. அந்தப் பக்கம், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவரின் கட்டில். வயது எழுபத்தெட்டு. மனைவி இறந்தபின் தனியாக இருந்தார்.

அவர் கிராமத்து உபதேசியாரின் மகன். பாதிரியார் மாதம் ஒருமுறை மட்டுமே வந்துபோகும் ஊரில் செபம் சொல்லிக்கொடுத்து, கோயில் மணியும் அடித்துவந்த குடும்பம். சிறுவயதில் அந்த மணிக் கயிற்றை இழுத்தவர் இவர்தான். ஆனால் கோயில் பக்கம் போய் இருபது வருடங்களுக்கு மேலாகிவிட்டது. காரணம் கேட்டால், "பிடிக்கல, விட்டுட்டேன். சிகரெட்டையும்தான் விட்டேன். அதுக்கு ஒருத்தரும் காரணம் கேக்கலயே" என்பார். அவர் வீட்டு கேட்டில் ஒரு பலகை தொங்கியது: 'செபம், பிரசாதம், துண்டுப் பிரசுரம் எதுவும் வேண்டாம்.'

என் மனைவியும் ஓய்வுபெற்ற ஆசிரியை. எங்கள் பகுதி அன்பியத்துக்கு, அதாவது தெருவாரியாகக் கத்தோலிக்கர் வீடுகளில் கூடிச் செபிக்கும் குழுவுக்கு, அவள்தான் பொறுப்பாளர். முன்பு கூடம் நிறையும். இப்போது ஐந்து வீட்டார் வருகிறார்கள். மற்றவர்களுக்குக் கோபமோ மறுப்போ இல்லை. "ஆன்லைன்ல போடுங்க டீச்சர், பாத்துக்குறோம்" என்கிறார்கள். இதையெல்லாம் பார்த்தவள் என்பதால் அவள் அந்தப் பலகையை மதித்தாள். கிறிஸ்துமஸ் பலகாரத்தைக்கூட மதில்மேல் வைத்துவிட்டு வந்துவிடுவாள். "ஒருத்தரத் தொந்தரவு பண்ணாம இருக்கிறதும் அன்புதான்" என்பாள். நானும் அதை நம்பினேன். அது எங்களுக்கு எவ்வளவு வசதியான நம்பிக்கை என்று அப்போது உறைக்கவில்லை.

தவக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாலை ஆறு மணிக்குக் கோயில் ஒலிபெருக்கியில் மூவேளை செபத்துக்கான மணி ஒலித்தது. இப்போது அதை யாரும் அடிப்பதில்லை, பதிவுதான். மூன்று அடி, இடைவெளி, மூன்று அடி, இடைவெளி, மூன்று அடி. அது அடங்கியதும் எங்கள் சுவருக்குள்ளிருந்து அதே கணக்கில் ஒரு சத்தம் வந்தது. மெலிதான உலோகச் சத்தம். மும்மூன்றாக மூன்று முறை.

விளக்கேற்றிக்கொண்டிருந்த என் மனைவி தீக்குச்சி விரலைச் சுடும்வரை அசையவில்லை.

"கேட்டீங்களா? உபதேசியார் மகன்ல. ரத்தத்துல ஊறுனது எங்க போகும்?"

"பேசாம இரு. நமக்குத் தெரிஞ்சா கூச்சப்படுவாரு."

"நல்லாருக்கே. அவரு கூப்புடுறாரு, பதில் சொல்ல வேணாமா?"

அவள் விரல் முட்டியால் சுவரில் மூன்று முறை தட்டினாள். பிறகு செபத்தைத் தொடங்கினாள். அந்தப் பக்கம் சத்தம் நின்றுவிட்டது. அவருக்கு நிம்மதி கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டோம்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மணி ஒலித்தது. சுவரும் ஒலித்தது. இந்த முறை இடைவெளிகள் நீளம். இவளும் தட்டினாள். அந்தப் பக்கம் ஏதோ உரசுவதுபோலக் கேட்டது. அவர் வீட்டு டிவியில் யாரோ ஓயாமல் செய்தி வாசித்துக்கொண்டிருந்தார்கள். முந்தைய மாலையும் அதே சேனல் ஓடியது. நான் அதைக் கவனித்தேன். கவனித்ததோடு சரி.

நண்பகல் மணிக்குப் பிறகு சுவரில் மூன்று வந்தது. பிறகு மூன்று. கடைசியில் இரண்டு. மூன்றாவதுக்காக இருவரும் நின்றோம். வரவில்லை.

"கணக்கு வாத்தியாருங்க அவரு. எண்ணிக்கை தப்பாது" என்றாள்.

வாசலுக்கு ஓடி அவர் வீட்டு அழைப்பு மணியை அழுத்தினேன். கேட் தூணில் ஆஸ்திரேலியாவிலிருக்கும் அவர் மகள் பொருத்திவைத்த கேமரா ஒன்று உண்டு. மணியை அழுத்தினால் அங்கே அவள் செல்போனில் நம் முகம் தெரியும். அவள் குரல் இங்கே தூணிலிருந்து வரும்.

"வணக்கம் அங்கிள். அப்பா ரெஸ்ட் எடுக்குறாங்க."

"நீங்க பாத்தீங்களா?"

நாம் பேசி ஒரு விநாடி கழித்துத்தான் அந்தக் குரல் வரும். "ஹால் கேமரா ஆன்லதான் இருக்கு அங்கிள். ஃபேன் ஓடுது, டிவி ஓடுது, எல்லாம் நார்மலா இருக்கு. பெட்ரூம்ல கேமரா வேணாம்னு அப்பா கழட்டிட்டாங்க."

"அவரு எப்ப ஹாலுக்கு வந்தாரு?"

"இருங்க, ரெக்கார்டிங்கப் பின்னாடி ஓட்டிப் பாக்குறேன்."

உச்சி வெயிலில் தெருவில் ஒருவரும் இல்லை. மூடிய கதவுக்குப் பின்னால் டிவியில் வானிலை அறிக்கை வாசித்தார்கள். பிறகு தூணிலிருந்து குரல் வந்தது; அது வேறு யாரோ ஒருவரின் குரல்போல இருந்தது.

"அங்கிள். நேத்து சாயங்காலம் அஞ்சே முக்காலுக்கு உள்ள போனவரு திரும்பி வரல. கதவ உடைங்க. ப்ளீஸ்."

எதிர்வீட்டு பாய் பிரியாணிக் கடை வைத்திருப்பவர். என் மனைவி போட்ட சத்தத்தில் கடப்பாரையோடு வந்தார். தாழ்ப்பாளை நெம்பும்போதே நடந்ததைக் கேட்டார்.

"யா அல்லா! ஏன் சார், ஆளு உசுருக்குத் தட்டுறத ஓதுறதுன்னா நெனச்சீங்க?"

தாழ்ப்பாள் தெறித்தது. உள்ளே ஓடினோம்.

வாத்தியார் சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் கிடந்தார். இடுப்பு உடைந்திருந்தது. கையில் எவர்சில்வர் டம்ளர். கண்கள் திறந்து, அறைக் கதவைப் பார்த்தபடி இருந்தன. நாங்கள் உள்ளே நுழைந்த பிறகும் பார்வை மாறவில்லை. ஒரு கணம் முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். பிறகு இமைத்தார்.

அறுவை சிகிச்சை முடிந்து வியாழக்கிழமைதான் கோவையாகப் பேசினார். பேச்சில் கோபம் இல்லை. மாணவனுக்குக் கணக்கை விளக்குவதுபோல என் மனைவியிடம் சொன்னார்.

"கத்துறதுக்குத் தெம்பில்ல. சும்மா தட்டுனா எலின்னு விட்டுருவீங்க. கோயில் மணி அடிக்கிற கணக்குல தட்டுனா ஆளுன்னு தெரியும்ல. மொத நாளு பதிலுக்குத் தட்டுனீங்க பாருங்க, எனக்கு வலியே போயிருச்சு டீச்சர். சரி, கேட்ருச்சு, இந்தா வந்துருவாங்கன்னு கதவப் பாத்துக்கிட்டுக் கிடந்தேன். எதுக்கு அவசரப்படுத்தணும்னு அப்பறம் தட்டல."

கொஞ்சம் தண்ணீர் குடித்தார்.

"காலைலயும் பதிலுக்குத் தட்டுனீங்க. யாரும் வரல. அப்பத்தான் பயம் வந்துச்சு. செவுத்துக்கு அந்தப் பக்கம் இருக்கறது மனுசங்கதானான்னு."

என் மனைவி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "மன்னிச்சுக்கங்க சார்."

"அத கோயில்ல உங்க சாமியார்ட்ட சொல்லுங்க. எனக்கு நாளைக்கு மீன் கொழம்பு வேணும். தவக்கால வெள்ளிக்கிழமை, கவுச்சி ஆகாதுன்னு புடலங்கா வெஞ்சனத்தத் தூக்கிட்டு வந்துராதீங்க."

மீன் குழம்பு போனது. இரண்டு மாதம் கழித்து நடைவண்டியைப் பிடித்தபடி அவர் வீடு திரும்பினார். வேலைக்கு ஒரு அம்மா வந்துபோகிறார். பலகையை அவர் எடுக்கவில்லை; எடுக்கும்படி நாங்களும் சொல்லவில்லை. அவர் வீட்டுச் சாவி ஒன்று எங்களிடம் இருக்கிறது.

தினமும் காலை ஏழு மணிக்கு என் மனைவி அவர் சமையலறை சன்னலுக்கு வெளியே நின்று கூப்பிடுகிறாள். "சார், இருக்கீங்களா?" உள்ளேயிருந்து, "இல்ல, செத்துட்டேன்" என்றோ, "பேப்பர்காரன் வர்றதுக்கு முன்னாடியே வந்துட்டீங்களா?" என்றோ பதில் வரும். சில நாள் தாமதமாக வரும். அந்த இடைவெளியில் நான் படித்துக்கொண்டிருக்கும் வரி மனதில் ஏறுவதில்லை.

ஒருநாள் பதில் வரவேயில்லை. கதவைத் திறந்துகொண்டு உள்ளே ஓடினாள். முகமெல்லாம் சவர நுரையோடு திரும்பி, "வாய்க்குள்ள நுரைய வச்சுக்கிட்டு எப்புடி டீச்சர் பேசுறது?" என்று கத்தினார்.

அதன்பிறகு பதில் வந்தாலும் அவள் உள்ளே போகிறாள். குரல் போதாது என்கிறாள். ஆளைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் திரும்பி வருகிறாள்.