வாளேந்தியவளுக்கு ஓர் அண்ணன்

கைப்பேசிச் செயலி ஒன்றில் வாரம் ஓர் அத்தியாயமாக நான் எழுதிக்கொண்டிருந்த மாயக்கதைக்குக் கீழே வாசகர்கள் கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான்: "இவங்க ரெண்டு பேருக்கும் எப்பக் கல்யாணம்?"

அந்த இருவரில் ஒருத்தி வாளேந்திய பெண். மற்றவன் நாடு கடத்தப்பட்ட இளவரசன். அவள் குடும்பம் போரில் அழிந்தது. அவனை அவன் குடும்பமே துரத்தியது. சதுப்பு நிலத்தைக் கடக்கும் வழியில் சேர்ந்துகொள்கிறார்கள். அவள் சண்டை போடுவாள், அவன் சமைப்பான். வாளைத் துடைக்காமல் அவள் தூங்கிவிட்டால் அவனே துடைத்து வைத்துவிட்டு மறுநாள் முழுக்கச் சொல்லிக்காட்டுவான். பிறகு வில்லேந்திய ஒருத்தியும் ஈட்டிக்காரி ஒருத்தியும் வந்து சேர்கிறார்கள். மூவருக்கும் அவன் அண்ணன்.

பல்கலைக்கழக நூலகத்தில் ஆங்கில மாயக்கதைகள் நிறைய வாசித்திருக்கிறேன். நாயகனின் பக்கத்தில் வாளோடு நிற்கும் பெண் அவற்றில் பெரும்பாலும் அவனைக் காதலிப்பாள், இல்லாவிட்டால் அவனுக்காகச் சாவாள். இரண்டிலும் சேராத ஓர் உறவில் வளர்ந்தவள் நான். அதனால் அதை எழுதினேன்.

நான் வளர்ந்தது மலாக்காவில் ஜாசின் பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில். இடைநிலைப் பள்ளியின் முதல் வருடமான படிவம் ஒன்றில் இருந்தபோது அப்பா இறந்துபோனார். பள்ளிப் பேருந்து தோட்டத்துக்குள் வராது. எங்கள் வீட்டில் அதுவரை யாரும் இடைநிலைப் பள்ளிக்குப் போனதில்லை, ஆகையால் நானும் நின்றுவிடுவேன் என்றே எல்லோரும் நினைத்தார்கள். பக்கத்து வீட்டு அண்ணன் அப்போது குலை ஏற்றும் லாரியில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். தினமும் விடிகாலையில் என்னை மோட்டார் சைக்கிளில் பெரிய சாலைவரை கொண்டுபோய்ப் பேருந்தில் ஏற்றிவிட்டு வேலைக்குப் போனார். புத்தகப் பையை எங்கள் இருவருக்கும் நடுவில் வைக்கச் சொல்வார். பேச்சு அதிகமில்லை. பெற்றோர் கூட்டத்துக்கு அம்மா போகத் தயங்கியபோது அவர்தான் போனார். "உனக்கு யார் இவர்?" என்று ஆசிரியை கேட்டார். அண்ணன் என்றேன். அதற்குமேல் யாரும் என்னிடம் நேரில் கேட்கவில்லை.

என் கல்யாணம் முடிவானபோதுதான் கேட்டார்கள்.

எங்கள் கல்யாணத்தில் ஓமம் வளர்க்கும்போது பெண்ணின் கையில் பொரி போடுவது அவளுடைய சகோதரன். எனக்கு உடன்பிறந்தவர் இல்லை. பெரியப்பா மகன் ஜொகூரில் இருக்கிறார், கடைசியாக அவரைப் பார்த்தது அப்பாவின் கருமாதியில். பக்கத்து வீட்டு அண்ணன்தான் பொரி போடுவார் என்று நான் சொன்னதும் பெரியப்பா சிரித்தார்.

"வேதக்காரப் பையன் ஓமத்துல பொரி போடுறதா? நல்லாருக்கு! அப்ப தாலிய சர்ச்சுல கட்டிக்கலாம்லா."

அந்தச் சிரிப்பை என்னால் சமாளிக்க முடிந்தது. மாப்பிள்ளையின் தங்கை கேட்டதுதான் கஷ்டம். அவள் பாயா ரும்புட்டிலிருந்து என்னோடு மலாக்கா டவுனுக்கு ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்திருந்தாள். என் கதையை ஆரம்பத்திலிருந்து படிப்பவள்.

"அண்ணி, கேட்டாக் கோவிச்சிக்காதீங்க. அந்த இளவரசன் உங்க பக்கத்து வீட்டு ஆளுதானே?"

"ஆமா."

"அப்பன்னா வாள்காரி நீங்க."

"கொஞ்சம்."

"கீழ எல்லாரும் லவ்வுனு எழுதுறாங்க. அம்மாகிட்ட யாரோ காட்டிட்டாங்க. என்னைக் கேக்குறாங்க, நான் என்னா சொல்றது?"

"படிச்சதச் சொல்லு."

"படிச்சேன்லா. அதான் கேக்குறேன்."

தையல்கார அக்கா அளவு நாடாவை என் தோளிலேயே விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

விஷயம் அண்ணன் காதுக்கும் போனது. மறுநாள் மாலை எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"ஒங்க பெரியப்பா மவனே போடட்டும், தங்கச்சி. நான் பந்தியில நிக்கிறேன். சாம்பார் வாளி தூக்குறவன யாரும் தப்பாப் பேச மாட்டாங்க."

அம்மா முறத்தைக் கீழே வைத்தார். "ஏன்டா தம்பி, இவளப் பள்ளிக்கூடத்துக்கு ஏத்திட்டுப் போறப்ப மட்டும் எவ வாய மூடிட்டு இருந்தா? அன்னிக்குப் போனீல்ல?"

அவர் படியிறங்கிப் போய்விட்டார். பொரி போட வருவாரா என்பது தெரியவில்லை.

அடுத்த அத்தியாயத்தில் ஒரே ஒரு காட்சி சேர்த்தால் எல்லாம் முடிந்துவிடும். இளவரசன் நெருப்பின் முன்னால் கையை நீட்டி, "இவள் என் தங்கை" என்று சத்தியம் செய்யலாம். மாமியார் வீட்டில் நிம்மதியாகத் தூங்குவார்கள். என் வருங்காலக் கணவரே, "போட்டுடேன், என்னா கெட்டுப்போச்சு?" என்றார். நான் போடவில்லை. அண்ணன் தங்கை என்று யாரும் சத்தியம் செய்துகொண்டு நான் எங்கும் பார்த்ததில்லை. அதுவும் தவிர, என் அண்ணனை ஊருக்கு நிரூபிக்க ஓர் அத்தியாயத்தை ஏன் செலவழிக்க வேண்டும்?

ஏற்கெனவே நினைத்திருந்ததையே எழுதினேன். வாள்காரிக்கு ஒரு கோட்டையின் காவல் கிடைக்கிறது. இளவரசன் ஆற்றங்கரை வரை வருகிறான். சோற்று மூட்டையைக் கொடுத்து, வாளைத் துடைக்கச் சொல்லித் திட்டிவிட்டுத் திரும்புகிறான். அவள் படகில் ஏறுகிறாள். அவ்வளவுதான். வாசகர்களுக்குக் கோபம். சிலர் படிப்பதை நிறுத்தினார்கள். நாத்தனாரிடமிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை.

கல்யாணத்தன்று தாலி கட்டி முடிந்ததும் ஐயர் நிமிர்ந்து பார்த்தார். "பொண்ணுக்கு அண்ணன் தம்பி யாரு? வாங்கோ."

பெரியப்பா மகன் எழுந்து சட்டையைச் சரிசெய்தார். நான் தலையைத் திருப்பிப் பந்திக்கூடத்து வாசலைப் பார்த்தேன். அம்மா அங்கே நின்றுகொண்டு அண்ணனுடைய முழங்கையைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தார். புது வேட்டி, கஞ்சி போட்டது, நடக்க வரவில்லை. மேடையேறும்போது பெரியப்பா மகனைப் பார்த்து, "நீங்க போடுங்க" என்று தயங்கினார். அவர், "ஒக்காருங்கண்ணே, எனக்கு மந்திரமும் தெரியாது ஒண்ணும் தெரியாது," என்று திரும்பவும் உட்கார்ந்துவிட்டார். பெரியப்பா மட்டும் கூரையைப் பார்த்தார்.

"கோத்திரம் சொல்லுங்கோ," என்றார் ஐயர்.

"எனக்கு ஏதுங்க ஐயா கோத்திரம்? செம்பனைத் தோட்டம்."

முன்வரிசையில் சிரிப்பு எழுந்தது. ஐயர் ஒரு கணம் யோசித்துவிட்டு என் அப்பாவின் கோத்திரத்தைச் சொல்லி மந்திரத்தைத் தொடர்ந்தார். அண்ணன் பொரியை அள்ளினார். பாதி என் கையிலும் பாதி புடவையிலும் விழுந்தது.

நாத்தனார் விளக்கோடு எனக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவள் என்ன நினைக்கிறாள் என்று திரும்பிப் பார்க்க நான் விரும்பவில்லை. விளக்கைப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்துவிட்டு அவளே குனிந்து பொரித் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"ரெண்டு கையாலயும் அள்ளுங்க மச்சான்," என்றாள், மேடையில் எல்லோருக்கும் கேட்கும்படி. "எங்க அண்ணிக்கு இது போதாது."