காசிமிரின் பெயருக்கு வந்த கடிதம்

பெர்னடீன் நோவிக்கி, ஒரு முதியோர் இல்லத்தின் சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவள். அவள் கணவர் காசிமிர் ரொட்டிக் கம்பெனியின் லாரி ஓட்டினார். குழந்தை இல்லை. ஆற்றுக்குக் கிழக்கே, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்குப் பக்கத்தில் சின்ன மரவீடு. ஞாயிறு பூசைக்குப் பிறகு வீட்டில் பன்றி சாசேஜும் முட்டைக்கோசும் வேகும். தெருவெல்லாம் அந்த மணம் தெரியும்.

காசிமிருக்கு ஒரே ஒரு பைத்தியம், மீன். மார்ச் பிறந்தால் ஏரியிலிருந்து மௌமீ ஆற்றுக்குள் மீன் ஏறி வரும். இடுப்பளவு குளிர்ந்த தண்ணீரில், ரப்பர் கால்சட்டை மாட்டிக்கொண்டு, முந்நூறு பேரோடு முந்நூற்று ஒன்றாவது ஆளாக நிற்பார். "மீன் பிடிக்கப் போறியா, ஞானஸ்நானம் வாங்கப் போறியா?" என்று பெர்னடீன் கேலி செய்வாள். "ரெண்டும்தான். பாவம் நிறைய இருக்கு," என்பார்.

அந்த வருடம் ஜனவரியில் ரொட்டிக் கம்பெனியை மூடினார்கள். வேலையோடு மருத்துவக் காப்பீடும் போயிற்று. முதியோர் இல்லத்தில் அவளுக்கு இருந்த காப்பீட்டில் கணவனைச் சேர்த்தால் சம்பளத்தில் பாதி போய்விடும். புதிதாக ஒன்றுக்கு எழுதிப் போட்டார்கள். அது ஏப்ரல் முதல் தேதியிலிருந்துதான் நடப்புக்கு வரும் என்றார்கள். மார்ச் இருபத்தாறாம் தேதி காசிமிர் ஆற்றுக்குள்ளேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் அவரைக் கரைக்கு இழுத்து வந்தார்கள். இரத்தக்குழாயில் இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். ஐந்து நாள் ஆஸ்பத்திரி. பிழைத்துக்கொண்டார்.

பில் நாற்பத்தோராயிரம் டாலர்.

"ஆறு நாள் பொறுத்து விழுந்திருக்கலாம்," என்றார் காசிமிர். சிரிக்கத்தான் சொன்னார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

முதலில் ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. பிறகு வசூல்காரர்கள் போன் செய்தார்கள். சாப்பிட உட்கார்ந்தால் மணி அடிக்கும். பிறகு நீதிமன்றத்திலிருந்து தாள். கணவனின் வைத்தியச் செலவுக்கு மனைவியும் பொறுப்பு என்று தீர்ப்பாகி, பெர்னடீனின் சம்பளத்தில் கால் பங்கு கைக்கு வருமுன்னே பிடிக்கப்பட்டது. காசிமிருக்கு அதுதான் தாங்கவில்லை. படகை ஆயிரத்து எண்ணூறு டாலருக்கு விற்று, மொத்தத்தையும் பில்லுக்குக் கட்டினார். கடலில் கரைத்த பெருங்காயம்தான். அரைநாள் வேலையாக ஒரு இரும்புக்கடையில் கல்லாவில் நின்றார். புதிய காப்பீடு வந்தும் மருந்துக்குக் கைக்காசு போனதால், மாத்திரையைக் கத்தியால் இரண்டாக வெட்டி, ஒரு மாத மருந்தை இரண்டு மாதம் ஓட்டினார். அவள் கண்டுபிடித்துச் சண்டை போட்டாள்.

"டாக்டர் முழுசாத்தானே சாப்பிடச் சொன்னாரு?"

"டாக்டர் ஆயிரம் சொல்லுவாரு. நீ துவைச்சுச் சம்பாதிக்கிறத நான் படுத்துக்கிட்டே தின்னுட்டு இருக்கேன். போதாதா?"



நான்காவது வருடம் அக்டோபரில் ஒரு சனிக்கிழமை காலை. காசிமிர் வாசலில் மேப்பிள் சருகுகளை வாரிக்கொண்டிருந்தார். பெர்னடீன் ஜன்னல் வழியாகப் பார்த்தபோது வாரியைப் போட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்திருந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது. அவள் போனோடு ஓடினாள்.

"கூப்பிடாத," என்றார்.

"வாயை மூடு. கூப்பிடறேன்."

"பெர்னி, சொன்னாக் கேளு. காப்பீடு இருந்தும் ஆம்புலன்ஸ் வந்து நின்னாலே நம்ம பங்கு ரெண்டாயிரம். உன் மிச்சச் சம்பளத்தையும் பிடிச்சுக்குவாங்க. காலையில தின்னது வாயுவாப் பிடிச்சிருக்கு. பத்து நிமிஷம் பாக்கலாம். பத்தே நிமிஷம்."

அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் முதுகைத் தடவிக் கொடுத்தாள். சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. குளிர்காலம் தொடங்கும் நேரத்தில் இத்தனை வேர்வை ஏன் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் பத்து நிமிடம் கொடுத்தாள். எட்டாவது நிமிடம் அவர் தலை அவள் தோளில் விழுந்தது. ஆம்புலன்ஸ் ஐந்து நிமிடத்தில் வந்தது. வந்து பயனில்லை.

அதற்குப் பிறகும் சம்பளத்தில் கால் பங்கு போய்க்கொண்டுதான் இருந்தது. செத்தவரின் இருதயத்துக்கு வைத்தியம் பார்த்த கூலி.

அடுத்த வருடம் நவம்பரில் ஒரு கடிதம் வந்தது. உறையில் காசிமிர் நோவிக்கி என்று இருந்தது. 'உங்கள் மருத்துவக் கடனில் வட்டியோடு சேர்த்து மீதமிருந்த முப்பத்தாறாயிரம் டாலரும் தீர்க்கப்பட்டுவிட்டது. நகரசபை நிதியளித்த திட்டம் இது. நீங்கள் யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை. நலமாக இருங்கள்.' அவள் அதைக் கிழிக்கப் போனாள். இப்படி இனிக்க இனிக்கப் பேசி வங்கி எண்ணைக் கறந்தவர்களை அவளுக்குத் தெரியும்.

அதற்குள் பின்கதவைத் தட்டாமலே திறந்துகொண்டு வந்தாள் பக்கத்து வீட்டு ஓர்லெத்தா. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். பதினெட்டு வருடப் பழக்கம். அவள் கையிலும் அதே மாதிரி உறை.

"பெர்னி! என் முழங்கால் ஆபரேஷன் கடன் போச்சு! ஒம்பதாயிரம்! இங்க பாரு, இங்க பாரு!" அந்த முழங்காலோடேயே சமையலறையில் ஒரு சுற்று ஆடினாள்.

"ஏமாத்து வேலையா இருக்கும்டி."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். நகரசபைக்கே போன் போட்டுக் கேட்டேன். நெஜந்தானாம். எங்க, உன்னுதக் காட்டு."

உறையில் இருந்த பெயரைப் படித்ததும் ஓர்லெத்தாவின் ஆட்டம் நின்றது. நாற்காலியை இழுத்துப் போட்டுத் தோழியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கடிதத்தில் இருந்த எண்ணுக்கு அவளே போன் போட்டு, ஒலிபெருக்கியைத் திறந்து மேசைமேல் வைத்தாள். எடுத்தது, நகரசபைக்காகத் திட்டத்தை நடத்தும் தொண்டு நிறுவனத்தின் இளம்பெண் ஒருத்தி. ஆமாம், கணக்கு முடிந்துவிட்டது, சம்பளப் பிடித்தமும் நின்றுவிடும் என்றாள் அந்தப் பெண்.

"முப்பத்தாறாயிரத்தையும் நகரசபையா கட்டுச்சு?" என்று கேட்டாள் பெர்னடீன்.

"அவ்வளவு இல்லைங்க மேடம். முழுசா வசூலாகாத கடனை ஆஸ்பத்திரிங்க மொத்தமா, ரொம்ப மலிவா வித்துடுவாங்க. நாங்க அதை நகரசபைப் பணத்துல வாங்கி ரத்து பண்றோம். சராசரியா ஒரு டாலர் கடனுக்கு ஒரு சென்ட் ஆகும்."

பெர்னடீன் மின்சார பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டாள். படிப்பு குறைவுதான். ஆனால் இந்தக் கணக்குக்குப் பெரிய படிப்பு வேண்டாம்.

"முன்னூத்தி அறுபது டாலர்," என்றாள்.

"சுமாரா அப்படித்தாங்க வரும். உங்க கணவர்கிட்ட எங்க வாழ்த்தைச் சொல்லுங்க, மேடம்."

ஓர்லெத்தா சட்டென்று போனை அணைத்தாள். பெர்னடீன் மேசையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள். சவ அடக்கத்தில்கூட இப்படி அழவில்லை. "படகு ஒண்ணே ஆயிரத்து எண்ணூறு, ஓர்லெத்தா. படகு ஒண்ணே!" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். ஓர்லெத்தா அவள் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றாள். அடுப்பில் காபி பொங்கி வழிந்ததை இருவருமே கவனிக்கவில்லை.

டிசம்பரில் நகரசபைக் கூட்டம். பயன் பெற்றவர்கள் வந்து இரண்டு வார்த்தை பேசலாம் என்று அறிவித்திருந்தார்கள். ஓர்லெத்தா நன்றி சொல்லப் போனாள். பெர்னடீன் துணைக்குப் போனவள்தான். ஆனால் ஓர்லெத்தா பேசி முடித்ததும் எழுந்து ஒலிவாங்கிக்கு நடந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"என் வீட்டுக்காரர் பேரு காசிமிர். கடனுக்குப் பயந்து ஆம்புலன்ஸ் கூப்பிட வேண்டாம்னு சொன்னாரு. நானும் கேட்டேன். அந்தக் கடனோட விலை முன்னூத்தி அறுபது டாலர்னு இப்பதான் தெரியுது. அந்த விலைக்கு எங்ககிட்ட ஏன் யாரும் விக்கல? எங்ககிட்ட இருந்துச்சே. நான் உங்களைத் திட்ட வரல. நீங்க நல்லதுதான் செஞ்சிருக்கீங்க. இதை யார்கிட்டக் கேக்கறதுன்னு தெரியல. அதான் இங்க வந்து கேக்கறேன்."

திட்டத்தை முன்மொழிந்த பெண் உறுப்பினர் கூட்டம் முடிந்ததும் இறங்கி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இந்தத் தீர்மானத்துக்கு ஓட்டு வாங்கவே எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சும்மா. இன்னும் சீக்கிரம் பண்ணியிருக்கணும்."

"ரெண்டு வருஷமா அலைஞ்சீங்களா?"

"ஆமா."

"அப்ப அவரு உயிரோட இருக்கறப்பவே ஆரம்பிச்சிருக்கீங்க," என்றாள் பெர்னடீன். அந்த உறுப்பினர் வாசல்வரை கூடவே வந்து கார்க்கதவைத் திறந்துவிட்டார்.

ஜனவரி முதல் முழுச் சம்பளம் வந்தது. போன் மணி அடிப்பது நின்றுபோயிற்று. சாப்பாட்டு வேளையில் அந்த அமைதிதான் அவளைப் படுத்தியது. வானொலியை வைத்துக்கொண்டு சாப்பிட்டாள்.

காசிமிரின் கல்லறையில் அதுவரை கல் இல்லை, சவ அடக்கக் கம்பெனி நட்ட தகரப் பலகை மட்டும். ஏப்ரலில் பனி உருகியதும் ஓர்லெத்தாவை அழைத்துக்கொண்டு கல் செதுக்குகிறவரிடம் போனாள். சாம்பல்நிறக் கல் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். மாதத் தவணையில் தரலாம் என்றார் அவர். "தவணையே வேண்டாம்," என்று மூன்று மாதம் சேர்த்த பணத்தை எடுத்து வைத்தாள்.

கல்லில் தம்பதி இருவர் பெயரையும் சேர்த்து வெட்டுவதுதான் வழக்கம். இருக்கிறவரின் பெயருக்குக் கீழே பிறந்த வருடம் மட்டும் இருக்கும்.

"உங்க பேரையும் இப்பவே வெட்டிடட்டுமா, மிசஸ் நோவிக்கி? அப்புறம்னா தனிச் செலவு."

ஓர்லெத்தா தடுக்க வாயெடுத்தாள். பெர்னடீன் முந்திக்கொண்டாள்.

"வெட்டுங்க. அவரு பக்கத்துல கொஞ்சம் நெருக்கமா வெட்டுங்க."

செதுக்குகிறவர் அளவு நாடாவை எடுத்தார்.