கோடை விடுமுறையில் தேய்ந்த கார்

காலையில் என் கார் பெரிய வள்ளல். மத்திகிரியில் கிளம்பி, தேன்கனிக்கோட்டை தாண்டி, அஞ்செட்டி மலைப்பாதையில் இறங்கும்போது திரையில் மிச்சக் கிலோமீட்டர் குறைவதற்குப் பதிலாகக் கூடும். இறக்கத்தில் வேகத்தைத் தடுக்கத் தடுக்க, சக்கரத்தின் விசை மின்சாரமாகிப் பேட்டரிக்கே திரும்பிவிடுகிறது. இதை எட்டாம் வகுப்பில் சொன்னபோது ஒருத்தி எழுந்து, "அப்போ எறக்கத்துலயே போயிட்டிருந்தா கரண்டே வேணாமா டீச்சர்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. திரும்பி ஏறித்தானே வீட்டுக்கு வர வேண்டும் என்றேன். மாலையில் அதே கார் மகா கஞ்சன். ஒவ்வொரு வளைவிலும் எண் மளமளவென்று சரியும். மேட்டில் தேன்கனிக்கோட்டை கண்ணில் படுவதற்குள் அந்த எண்ணைப் பத்துத் தடவை பார்த்துவிடுவேன்.

அஞ்செட்டிக்கு அப்பால், மலையடிவாரக் கிராமம் ஒன்றின் நடுநிலைப் பள்ளியில் நான் அறிவியல் நடத்துகிறேன். பேருந்தில் போனால் இறைவணக்கம் முடிந்த பிறகுதான் போய்ச் சேர முடியும். மாலையில் ஒரு பேருந்து உண்டு. அதற்கு மனசு வந்தால் வரும். கணவருக்கு ஓசூர்த் தொழிற்பேட்டையில் வேலை என்பதால் வீட்டையும் மாற்ற முடியாது. ஆகவே கார் இருந்தால் எனக்குப் பள்ளி உண்டு, கார் இல்லாவிட்டால் பள்ளி இல்லை. அந்தப் பக்கம் சார்ஜ் போட இடமும் கிடையாது. பள்ளிக்கூடத்து பிளக்கில் ஒருநாள் தலைமையாசிரியரின் அனுமதியோடு மாட்டிப் பார்த்தேன். எர்த் சரியில்லை என்று சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டி முரண்டு பிடித்துவிட்டது.

அந்தப் பள்ளிக்கு ஆசிரியர்கள் வருவதும் போவதும் வழக்கம். மே மாதம் மாறுதல் கலந்தாய்வு வரும். ஜூனில் நாற்காலி காலியாக இருக்கும். சத்துணவு சமைக்கும் அம்மா ஒருவர் இருக்கிறார். அவருடைய மகளும் என்னிடம்தான் படிக்கிறாள். ஒவ்வொரு ஏப்ரலிலும் கடைசி நாளன்று கையைத் துடைத்துக்கொண்டே என் முன்னால் வந்து நிற்பார்.

"ஜூன்ல வருவீங்களா டீச்சர்?"

"வருவேன்மா."

"எல்லா டீச்சருங்களும் அப்படித்தான் சொல்லிட்டுப் போனாங்க" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பில் குற்றம் சொல்லும் தொனி துளியும் இருக்காது. அதுதான் எனக்குச் சுருக்கென்று தைக்கும்.

கார் வாங்கிய முதல் வருடம் ராஜாங்கம்தான். வீடு வந்து சேர்ந்த பிறகும் பேட்டரியில் தாராளமாக மிச்சமிருக்கும். முதல் கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது அந்த மிச்சம் குறைந்திருந்தது. என் ஓட்டும் கைதான் மாறிவிட்டதோ என்று விட்டுவிட்டேன். இரண்டாம் கோடை முடிந்தபோது அப்படி விட முடியவில்லை. ஒருநாள் மாலை மலைப்பாதையின் கடைசி வளைவுக்கு முன்னால், திரையில் ஓர் ஆமைப் படம் வந்து உட்கார்ந்தது. இனிமேல் ஆமை வேகம்தான் என்று அர்த்தம். பின்னால் ஒரு தக்காளி வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. காட்டுக்குள் நின்றுவிட்டால் யானையிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே ஊர்ந்தேன். எப்படியோ வீடு சேர்ந்தேன். இன்னும் ஒரு கோடை இப்படிக் கரைந்தால் காரால் மலையேற முடியாது. நானும் மாறுதல் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

அதே வாரத்தில்தான் காருக்கு ஒரு சாஃப்ட்வேர் அப்டேட் வந்திருந்தது. 'ரேஞ்ச் கணக்கீடு மேம்படுத்தப்பட்டுள்ளது' என்று அதில் ஒரு வரி. மேம்படுத்திய கையோடு மிச்சக் கிலோமீட்டர் எண்ணைக் குறைத்துவிட்டார்கள். என் கணவருக்கு இது போதும். தொழிற்சாலையில் சுமை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளின் பேட்டரிகளைப் பராமரிப்பவர் அவர்.

"நல்லா இருந்த வண்டிய அப்டேட் பண்ணியே கெடுத்துட்டானுங்க" என்றார்.

இதே கார் வைத்திருப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் அதே பாட்டுதான். அப்டேட் போடாதீர்கள் என்று ஒருவர், பழையதற்கே திரும்ப வழி உண்டா என்று இன்னொருவர், பேட்டரி பேக்கையே மாற்றினால்தான் விமோசனம் என்று மூன்றாமவர். நடுநடுவே கும்பிடும் கைகள், காலை வணக்கம், ரோஜாப்பூ.

எனக்கு இதில் ஏதோ இடித்தது. முதல் கோடையின்போது எந்த அப்டேட்டும் வரவில்லையே! அப்போதும்தான் குறைந்தது.

பாகலூரில் கணவரின் நண்பர் ஒருவர் இருக்கிறார். எங்கள் காரும் அவர் காரும் ஒரே ரகம், ஒரே சமயத்தில் வாங்கியவை. அவர் தினமும் எல்லையைத் தாண்டி பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருகிறார். எங்கள் வண்டியைவிட இரண்டு பங்கு ஓடியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போய், காப்பி குடித்த கையோடு, "உங்க காரக் கொஞ்சம் ஆன் பண்ணிக் காட்டுங்க" என்றேன். மனிதர் மிரண்டுபோய் என் கணவரைப் பார்த்தார். அவர் வானத்தைப் பார்த்தார்.

அவர் காரிலும் அந்த அப்டேட் இருந்தது. முழு சார்ஜில் அது காட்டிய எண் எங்களுடையதைவிட நிறையவே அதிகம். அதிகமாக ஓடிய கார் குறைவாகத் தேய்ந்திருக்கிறது! சந்தோஷத்தில் எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது. ஆய்வகத்தில் இரண்டு குடுவைகளை அருகருகே வைத்து, ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்போமே, அதை யாரோ எனக்காகவே செய்து வைத்திருக்கிறார்கள். அப்டேட் இரண்டுக்கும் பொது. அப்படியானால் அது குற்றவாளி கிடையாது. இல்லாததை இருக்கிறது என்று காட்டிக்கொண்டிருந்த பழைய எண்ணை அது திருத்தியிருக்கிறது, அவ்வளவுதான். உண்மையைச் சொன்னதற்காக அதற்கு ஊரெல்லாம் வசவு.

அவர் கார் செய்யாத எதை என் கார் செய்தது? திரும்பும் வழியெல்லாம் இதையே கேட்டுக்கொண்டு வந்தேன்.

"ஒண்ணும் செய்யலியே. அதுதான் மே மாசம் பூரா சும்மா நின்னுட்டிருந்துச்சே" என்றார் கணவர், சலிப்போடு.

அவர் சொல்லி முடித்ததும் நான் காரை ஓரம் கட்டினேன். என் கார் ஒவ்வொரு மே மாதமும் சும்மாதான் நின்றது. நின்ற இடம் எது?

எங்களுக்கு வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்காரர் மலர் விவசாயி. வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களோடு தமிழ். வாடகை வீட்டு வரிசைக்குப் பின்னால் அவருடைய பாலிஹவுஸ் ஒன்று இருக்கிறது. ரோஜா வளர்ப்பதற்காகக் கட்டிய பிளாஸ்டிக் கூடாரம். ரோஜாவை விட்டுவிட்ட பிறகு அது காலியாகக் கிடந்தது. கார் வாங்கியபோது அவரே வந்து சாவியை நீட்டினார்.

"தெருவுல எதுக்குமா வுடறீங்க? தண்ணி லாரி திரும்பறப்போ இடிச்சிட்டுப் போவும். உள்ள வுடுங்க டீச்சரம்மா. தூசி படாது, கொரங்கு ஏறாது. ரோஜாப்பூ கணக்கா இருக்கும்."

ஓசூரில் கார் வைத்திருக்கும் எத்தனை பேருக்கு இந்தப் பாக்கியம் கிடைக்கும்! நாங்கள் பூரித்துப்போனோம். பள்ளி நாட்களில் கார் அங்கே இரவில்தான் நிற்கும். விடுமுறையில் பகலும் அங்கேதான். பேட்டரியைப் பாதியில் விடக்கூடாது என்பது ஃபோர்க்லிஃப்ட் பேட்டரிகளிடம் என் கணவர் கற்ற வேதம். அதனால் விடுமுறை தொடங்கும்போது முழுக்கச் சார்ஜ் ஏற்றிவிடுவார். குறையக் குறைய மறுபடி ஏற்றுவார். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு அனலில் படுத்துக் கிடந்த கதைதான்.

அன்று மதியம் நேராக அங்கே போனேன். கதவைத் திறந்ததும் முகத்தில் அடித்த வெக்கையில் கண் எரிந்தது. ரோஜாக் காலத்து வெப்பமானி இன்னும் கம்பத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் பாதரசம் எங்கே நின்றது என்று பார்த்தேன். வெளியே எடுத்து வந்து நிழலில் வைத்து மறுபடி பார்த்தேன். அது இறங்க இறங்க எனக்கு ஆத்திரம் ஏறியது. வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்தார்.

"ரோஜா இருந்தப்பவும் இவ்வளவு சூடாவா இருக்கும்?" என்றேன்.

"அய்யோ, செத்துரும்மா! அப்போ பக்கத்துத் தெரையெல்லாம் சுருட்டி மேல ஏத்திக் காத்து வுடுவேன். காருக்குத் தூசி படக்கூடாதேன்னுதான் எறக்கி வுட்டேன்."

எங்களுக்காக. பிரியத்தோடு. இதற்கு யாரிடம் போய்ச் சண்டை பிடிப்பது?

காரில் இருக்கும் லித்தியம் பேட்டரிக்கு முழு சார்ஜும் கடுமையான சூடும் சேர்ந்து நாள்கணக்கில் இருப்பது ஆகாது என்பதை அதன் பிறகு தேடித் தேடிப் படித்தேன். கணவருக்கும் படித்துக் காட்டினேன். "அப்போ எங்க பேட்டரி வேற ஜாதி, இது வேற ஜாதியா?" என்று தாடையைத் தடவிக்கொண்டார். ஆமாம், வேறு ஜாதிதான். அமிலமும் ஈயமும் கொண்ட அவருடைய பேட்டரிக்கு எது பத்தியமோ அது இதற்கு ஆகாது.

சர்வீஸ் சென்டரில் பேட்டரியைச் சோதிக்கச் சொன்னோம். வாரண்டி காலத்துக்குள் ஆரோக்கியம் ஒரு குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே போனால் புது பேக் இலவசம். எங்களுடையது அந்த எல்லைக்குச் சற்றே மேலே நின்றது. கவுண்டரில் இருந்தவர் வாழ்த்துவதா இரங்குவதா என்று தெரியாத முகத்தோடு, "இன்னும் கொஞ்சம் எறங்கியிருந்தா புதுசே போட்டுக் குடுத்திருப்போம் மேடம்" என்றார். சொந்தச் செலவில் மாற்றும் பேச்சு வந்தபோது நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் எழுந்துவிட்டோம்.

வெளியே வந்ததும் கணவர் சிரித்தார். "இன்னொரு மே மாசம் உள்ள வுட்டு, தெரைய எறக்கி, ஃபுல் சார்ஜ் போட்டா போதும். ஜூன்ல புது பேக்கு."

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் எனக்கு ஆசை வந்துவிட்டது. பொய் சொல்ல வேண்டாம், நல்ல ஆசை. இரண்டு கோடை தெரியாமல் செய்ததை ஒரு கோடை தெரிந்து செய்வது. யாருக்கும் தெரியாது, வேலையும் சுலபம், காரைச் சும்மா நிறுத்தினால் போதும். சில நாள் இதையே மென்றுகொண்டிருந்தேன். புது பேக்கோடு அஞ்செட்டி மேட்டில் ஏசி போட்டுக்கொண்டு ஏறுவது போலக் கனவுகூட வந்தது.

பிறகு அதையும் கணக்குப் பாடமாக எடுத்துக்கொண்டேன். புது பேக் கையில் கிடைக்க எத்தனை மாதம் ஆகும் என்பது யாருக்கும் தெரியவில்லை. வாட்ஸ்அப் குழுவில் அதற்காகக் காத்திருப்பவர்களின் புலம்பல் ஓயாமல் வந்துகொண்டிருந்தது. அதுவரை செத்த பேட்டரியோடு நான் எப்படிப் பள்ளிக்குப் போவது? ஜூனில் அந்த நாற்காலி காலியாக இருக்கும். பேட்டரியைச் சாகடித்து பேட்டரி வாங்கலாம். இடையில் பள்ளி போய்விடும். வேண்டவே வேண்டாம் என்று தோன்றியது. தவிர, இன்னும் மூச்சுவிடுகிற ஒன்றைச் சூட்டில் வைத்துக் கொல்ல எனக்கு மனசு வரவில்லை. அது வெறும் பெட்டிதான், தெரியும். இருந்தாலும்.

காரை எங்கே நிறுத்துவது என்பதுதான் அடுத்த கேள்வி. பாலிஹவுஸில் குடமிளகாய் போடப்போவதாக வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். தெருவில் தண்ணீர் லாரி. நல்ல நிழலும் காற்றும் காவலும் உள்ள இடம் எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான் இருந்தது: பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவருக்குள், நான் தினமும் காரை நிறுத்தும் புங்கமரத்தடி. தலைமையாசிரியர் சரி என்றார். வீட்டுக்காரருக்குத்தான் பொறுக்கவில்லை. "ஆனை வந்து மிதிச்சா அதுக்கு வாரண்டி குடுப்பாங்களா டீச்சரம்மா?" என்று கேட்டார்.

ஜூனில் என்ன ஆனது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யானை வரவில்லை. புங்கம்பூ கார் முழுக்கக் கொட்டிக் கிடந்தது. முதல் நாள் மாலை மலையேறி வீடு சேர்ந்தபோது மிச்சம் ஏறக்குறைய ஏப்ரலில் இருந்த அதே அளவு. போனது போனதுதான், திரும்ப வரவில்லை. ஆனால் புதிதாக எதுவும் போகவில்லை. ஏசி போடாமல், யாரையும் முந்தாமல் ஓட்டினால் இப்போதும் போய்வர முடிகிறது. இருந்தாலும் எனக்கு மறக்காமல் இருப்பது ஜூன் அல்ல, காரை அங்கே விட்டுவிட்டு வந்த அந்த ஏப்ரல் நாள்தான்.

கடைசி வேலைநாள். கணவர் விடுப்பு எடுத்துக்கொண்டு என்னோடு வந்திருந்தார். பேட்டரி பாதியில் இருந்தது, ஜூனில் மலையேற அது போதும். அதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. "இப்படி அரைவயித்தோட வுட்டுட்டுப் போறமே" என்று இரண்டு முறை சொல்லிவிட்டார். பிள்ளைகள் எல்லாரும் போன பிறகு, முன்பக்கத்தில் இருக்கும் சின்ன பேட்டரி சும்மா நின்றே தீர்ந்துவிடக்கூடாதென்று அதன் இணைப்பைக் கழற்றி வைத்தார். நான் கதவுகளைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டேன்.

சத்துணவு அம்மா குழாயடியில் பெரிய குண்டானைத் தேய்த்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தார். பிறகு காரைப் பார்த்தார்.

"வண்டி ரிப்பேரா டீச்சர்?"

"இல்லம்மா. லீவு முடியற வரைக்கும் இங்கயே நிக்கட்டும்."

அவர் புங்கமரத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். குண்டானைக் கவிழ்த்துவிட்டு கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். வழக்கமான கேள்வி வரும் என்று காத்திருந்தேன். இந்தத் தடவை என்னிடம் உறுதியான பதில் இருந்தது. அவர் சமையலறைக்குள் போய் ஒரு பழைய சேலையை எடுத்து வந்தார். கார் கண்ணாடியின் மேல் விரித்து, முனைகளைக் கதவுக் கைப்பிடிகளில் இறுக்கி முடிச்சுப் போட்டார்.

"காக்கா எச்சம் போடும்" என்றார். "பஸ்ஸு வந்துரும், நீங்க கெளம்புங்க."

வருவீங்களா என்று அவர் கேட்கவே இல்லை.